லாரிக்கும் டிரெய்லருக்கும் நீண்ட நாள் உழைக்கும் டயரைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

22 வீல் டிரெய்லர் ஒன்றை ஒரு சுற்று சுற்றி வந்து பாருங்கள். இழுக்கும் வண்டியில் 10 டயர், பின்னால் மூன்று ஆக்ஸில்களில் 12 டயர். ஒரு டயர் 22,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், ஸ்டெப்னியைச் சேர்க்காமலே 4,84,000 ரூபாய் ரோட்டில் உருண்டுகொண்டிருக்கிறது. டீசலைப் போலவே லாரி ஓனரின் கையைக் கடிக்கும் பெரிய செலவுகளில் இதுவும் ஒன்று. டீசலுக்கு லிட்டர் கணக்கு, மைலேஜ் கணக்கு என்று துருவிப் பார்க்கிற நாம், டயர் கடைக்குப் போனால் மட்டும் "எதுங்க நல்லா உழைக்கும்?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டு, கைகாட்டியதை மாட்டிக்கொண்டு வந்துவிடுகிறோம்.

நான் நாமக்கல் பக்கம் லாரித் தொழிலுக்குள்ளேயே வளர்ந்தவன். அப்பா ஒரு டயர் நோட்டு வைத்திருந்தார். ஒவ்வொரு டயரின் நம்பர், மாட்டிய தேதி, அன்றைய கிலோமீட்டர், எந்த இடத்தில் மாட்டியது, எப்போது கழற்றியது, ஏன் கழற்றியது எல்லாம் அதில் இருக்கும். ஒரே கம்பெனி, ஒரே மாடல், ஒரே நாளில் வாங்கிய இரண்டு டயர்களில் ஒன்று மற்றதைப் போல இரண்டு மடங்கு ஓடியிருப்பதை அந்த நோட்டில் பலமுறை பார்த்திருக்கிறேன். கம்பெனி ஒன்றுதான். மாட்டிய இடம் வேறு, ஏற்றிய லோடு வேறு, காற்று பார்த்த விதம் வேறு.

அந்த நோட்டிலிருந்து நான் கற்றது இது: மேலே இருக்கும் பட்டன், அதாவது ரோட்டைத் தொடும் ரப்பர், ஒரு தடவை தேய்ந்து முடிந்துவிடும். உள்ளே இருக்கும் கேசிங், அதாவது டயரின் உடம்பு, கெடாமல் இருந்தால் அதன் மேல் புதுப் பட்டன் போட்டு, அதாவது ரீட்ரேட் செய்து, அதே டயரை இரண்டாவது, மூன்றாவது தடவையும் ஓட்டலாம். ஆகவே நீண்ட நாள் உழைக்கும் டயரைத் தேடுகிறவர் நல்ல கேசிங்கைத் தேட வேண்டும், பிறகு அதைக் காப்பாற்ற வேண்டும். கீழே உள்ள எல்லாப் படிகளும் இதற்காகத்தான்.

முதல் படி: வண்டியின் வேலையை எழுதிக்கொள்ளுங்கள்

நல்ல டயர் கடைக்காரர் விலை சொல்வதற்கு முன்னால் "எந்த லைன்ல ஓட்டுறீங்க, என்ன ஏத்துறீங்க?" என்று கேட்பார். அவர் கேட்காவிட்டால் நீங்களே சொல்லுங்கள்.

காஷ்மீரிலிருந்து கன்னியாகுமரி வரை போகிற தேசிய நெடுஞ்சாலை 44 நம்மூர் வழியாகத்தான் போகிறது. அதில் நாள் முழுக்க ஒரே வேகத்தில் ஓடும் எரிவாயு டேங்கருக்கு எதிரி சூடு. கல்குவாரிக்குள் போய் வரும் டிப்பருக்கு எதிரி கூர்மையான கல். ஊருக்குள் குடோன் குடோனாகத் திரும்பி லோடு இறக்கும் வண்டிக்கு எதிரி அடிக்கடி போடும் பிரேக்கும் நெருக்கமான திருப்பமும். மூன்றுக்கும் ஒரே டயர் பொருந்தாது. சூட்டைத் தாங்க வேண்டியதற்கு உருளும்போது குறைவாகச் சூடாகும் ரப்பர் வேண்டும். கல்லைத் தாங்க வேண்டியதற்கு வெட்டுப்படாத கெட்டியான ரப்பரும், தடித்த பக்கச் சுவரும் வேண்டும். கல்லுக்காகச் செய்த ரப்பரை நெடுஞ்சாலையில் ஓட்டினால் சீக்கிரம் சூடேறும். நெடுஞ்சாலை டயரைக் குவாரிக்குள் விட்டால் கொஞ்ச நாளிலேயே பட்டன் துண்டு துண்டாகப் பிய்ந்துவிடும்.

மாதம் எத்தனை கிலோமீட்டர், அதில் நெடுஞ்சாலை எவ்வளவு, மண் ரோடு எவ்வளவு, திரும்பி வரும்போது காலியாக வருமா லோடோடு வருமா என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள்.

இரண்டாம் படி: டயரின் பக்கச் சுவரைப் படியுங்கள்

பெரும்பாலோர் தாண்டிப்போகும் இடம் இது. காசு அதிகம் போவதும் இங்கேதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

லாரி டயரில் 10.00 ஆர் 20 என்று அளவு இருக்கும். நடுவில் இருக்கும் 'ஆர்' ரேடியலைக் குறிக்கும். நைலான் டயராக இருந்தால் அந்த இடத்தில் கோடு மட்டும் இருக்கும். புது வண்டிகளில் 295/80 ஆர் 22.5 அதிகம் வருகிறது. அளவுக்குப் பக்கத்தில் 146/143 கே என்பது போல ஒரு எண் இருக்கும். அதுதான் லோடு இண்டெக்ஸ். முதல் எண் ஒற்றை டயராக மாட்டும்போது தாங்கும் எடைக்கு, இரண்டாவது எண் ஜோடியாக மாட்டும்போது ஒவ்வொரு டயரும் தாங்கும் எடைக்கு. 146 என்றால் 3,000 கிலோ. 143 என்றால் 2,725 கிலோ. கே என்ற எழுத்துக்கு மணிக்கு 110 கிலோமீட்டர் வேகம் வரை என்று அர்த்தம்.

இப்போது கணக்குக்கு வருவோம். 2018 ஜூலையில் மத்திய அரசு ஆக்ஸில் எடை வரம்பை உயர்த்தியது. நான்கு டயர் உள்ள ஒற்றை ஆக்ஸிலுக்கு 10.2 டன்னாக இருந்தது 11.5 டன் ஆனது. அடுத்தடுத்த இரண்டு ஆக்ஸில்களுக்கு 19 டன் 21 டன் ஆனது. மூன்று ஆக்ஸில் சேர்ந்தால் 24 டன் 27 டன் ஆனது. பழைய 146/143 டயர் நான்கை ஒற்றை ஆக்ஸிலில் மாட்டினால் மொத்தம் தாங்குவது 2,725 × 4, அதாவது 10,900 கிலோ. பழைய 10.2 டன்னுக்கு அது போதும். 11.5 டன்னுக்கு 600 கிலோ குறைகிறது. சட்டப்படி சரியான லோடு ஏற்றியும் டயருக்கு ஓவர்லோடு என்ற நிலை இப்படித்தான் வருகிறது. இதே அளவில் 149/146 என்று போட்ட டயரும் கிடைக்கிறது. ஜோடியில் 146, அதாவது 3,000 கிலோவை நான்கால் பெருக்கினால் 12,000 கிலோ. அதுதான் அந்த ஆக்ஸிலுக்கு ஏற்றது. பார்ப்பதற்கு இரண்டும் ஒரே மாதிரி இருக்கும், விலையில் கொஞ்சம் வித்தியாசம் இருக்கும். விலை குறைவானதை வாங்கி மாட்டிவிட்டு ஆறு மாதம் கழித்து "இந்தக் கம்பெனி சரியில்லை" என்று சொல்வதில் பலனில்லை.

முன் ஆக்ஸிலையும் இதேபோலப் பாருங்கள். 149 என்றால் 3,250 கிலோ. இரண்டு டயருக்கு 6,500 கிலோதான். உங்கள் வண்டியின் முன் ஆக்ஸிலுக்கு 7 டன் என்று வண்டிக் கம்பெனியின் தகட்டில் இருந்தால் இது போதாது. 295/80 ஆர் 22.5 அளவில் வரும் 152/148 டயர் ஒன்று 3,550 கிலோ தாங்கும், இரண்டுக்கு 7,100 கிலோ. அளவை மாற்ற வேண்டுமானால் டயர் உட்காரும் டிஸ்க்கையும், அதாவது ரிம்மையும், மாற்ற வேண்டும். வண்டிக் கம்பெனி அனுமதித்த அளவா என்று பார்க்காமல் அதைச் செய்யக் கூடாது.

டிரெய்லரின் கணக்கு வேறு மாதிரி. மூன்று ஆக்ஸிலுக்கு 27 டன், டயர் 12. ஒரு டயருக்கு 2,250 கிலோதான். 143 போட்ட டயரே தாராளமாகத் தாங்கும். ஆகவே டிரெய்லர் டயர் சீக்கிரம் தேய்கிறது என்றால், வரம்புக்குள் ஏற்றியவரையில், காரணம் எடை இல்லை. அது என்ன என்று நான்காம் படியில் வருகிறேன்.

மூன்றாம் படி: நைலானா, ரேடியலா?

நைலான் டயரில் துணி அடுக்குகள் ஒன்றுக்கொன்று குறுக்காகப் போகும். பக்கச் சுவரும் மேல்பகுதியும் ஒரே கட்டு. மேடு பள்ளத்தில் பக்கச் சுவர் அடி வாங்கினாலும் தாங்கும், மண் ரோட்டுக்கும் குவாரிக்கும் இன்னும் அதை விரும்பி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் உருளும்போது அடுக்குகள் ஒன்றோடொன்று உரசிச் சூடேறும். ரேடியலில் கம்பிகள் ஒரு பக்க விளிம்பிலிருந்து மறுபக்க விளிம்புக்கு நேராகப் போகும், பட்டனுக்குக் கீழே எஃகு பெல்ட் இருக்கும். பட்டன் ரோட்டில் தட்டையாகப் படியும், குறைவாக நெளியும், குறைவாகச் சூடாகும். டீசலும் மிச்சமாகும், ரீட்ரேடும் அதிகம் தாங்கும். நெடுஞ்சாலையில் ஓடும் வண்டிக்கு ரேடியல்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

ரேடியலுக்கு ஒரு பலவீனம் உண்டு, பக்கச் சுவர் மெல்லியது. அதில் ஆழமான வெட்டு விழுந்து கம்பி தெரிந்தால் மழைத் தண்ணீர் உள்ளே போய் எஃகு துருப்பிடிக்கும். கல்லுக் குழிக்குள் அடிக்கடி இறங்கும் வண்டிக்காரர் இதை யோசித்துத்தான் முடிவெடுக்க வேண்டும். இரண்டையும் ஒரே ஆக்ஸிலில் கலந்து மாட்டுவது மட்டும் கூடவே கூடாது. இரண்டும் நெளியும் விதம் வேறு, வண்டி ஒரு பக்கமாக இழுக்கும்.

டியூப்லெஸ் வாங்க முடிகிறவர்கள் அதையே வாங்குங்கள். ஆணி ஏறினாலும் காற்று மெதுவாக இறங்கும், டியூபும், அதற்கும் ரிம்முக்கும் நடுவில் இருக்கும் பிளாப் என்ற ரப்பர் பட்டையும் உள்ளே உரசிச் சூடேறும் வேலை இல்லை, பழைய ரிம்மில் டயரைப் பிடித்து வைக்கும் லாக் ரிங் தெறிக்கும் ஆபத்தும் இல்லை.

நான்காம் படி: எந்த ஆக்ஸிலுக்கு எந்தப் பட்டன்?

முன் ஆக்ஸிலுக்கு ரிப், அதாவது நீளவாக்கில் கோடு கோடாக ஓடும் பட்டன். ஸ்டியரிங் சொன்னபடி கேட்க வேண்டும், மழைநீர் கோடுகளின் வழியே விலக வேண்டும். இந்த இடத்துக்கு எப்போதும் புது டயர்தான். முன் டயர் வெடித்தால் ஸ்டியரிங் கையை விட்டுப் போய்விடும், அங்கே மிச்சம் பிடிக்க எதுவும் இல்லை.

கிரவுன் இருக்கும் ஆக்ஸிலுக்கு, அதாவது வண்டியை இழுக்கும் சக்கரங்களுக்கு லக் அல்லது செமி லக். ஆழமான கட்டை கட்டையான பட்டன். தொப்பூர் கணவாயில் லோடோடு ஏறும் வண்டிக்கும் மண் ரோட்டில் இறங்கும் வண்டிக்கும் பிடிமானம் இங்கிருந்துதான் வருகிறது. முழுக்க நெடுஞ்சாலை என்றால் செமி லக் போதும். பட்டன் எவ்வளவு ஆழமோ அவ்வளவு நாள் ஓடும் என்று நினைப்பது இயல்பு. ஆனால் ஆழமான பட்டன் ஓடும்போது அதிகம் நெளியும், நெளிவு சூடாக மாறும், டீசலும் கூடக் குடிக்கும். தேவைக்கு மேல் ஆழம் வாங்காதீர்கள்.

இனி டிரெய்லர். மூன்று ஆக்ஸில் டிரெய்லர் ஒன்று குடோன் வாசலில் திரும்புவதைக் கீழே இறங்கி நின்று பாருங்கள். நடு ஆக்ஸிலின் சக்கரங்கள் ஓரளவு சும்மா உருளும். முன் ஆக்ஸிலும் கடைசி ஆக்ஸிலும் பக்கவாட்டில் அரைத்துக்கொண்டே நகரும். பக்கச் சுவர் பிதுங்கும், கருப்புக் கோடு ரோட்டில் விழும், சில சமயம் ரப்பர் வாடைகூட வரும். டிரெய்லர் டயரைத் தின்பது இந்தப் பக்கவாட்டு உரசல்தான். அதற்கு ஆழமான லக் டயரை மாட்டினால் பட்டன் கட்டைகள் பக்கவாட்டில் மடங்கி வேரோடு கிழியும். ஆழம் குறைந்த, தோள்பட்டை அகலமாக இருக்கும் ரிப் பட்டன்தான் டிரெய்லருக்கு உழைக்கும். டிரெய்லருக்கென்றே கம்பெனிகள் போடும் மாடல்கள் இருக்கின்றன. "எல்லா ஆக்ஸிலுக்கும் ஆகும்" என்று விற்கும் டயரைவிட அது அங்கே நன்றாக ஓடும்.

லிஃப்ட் ஆக்ஸில் உள்ள வண்டியில் ஒரு எச்சரிக்கை. டயர் தேயாமல் இருக்கட்டும் என்று லோடோடு போகும்போதும் அதைத் தூக்கியே வைத்திருக்கும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. தூக்கிய டயர் தேயாது, உண்மைதான். அந்த எடை முழுவதும் மற்ற டயர்கள் மேல் ஏறி அவற்றின் கேசிங்கைக் கெடுக்கும். லோடு என்றால் இறக்குங்கள், காலி என்றால் தூக்குங்கள்.

ஐந்தாம் படி: கிலோமீட்டருக்கு எத்தனை பைசா?

விலைச்சீட்டைப் பார்த்து டயர் வாங்காதீர்கள். இரண்டு டயர்களை எடுத்துக்கொள்வோம். எண்கள் கணக்குக்காக நான் வைத்துக்கொண்டவை, நீங்கள் உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள்.

முதல் டயர் 18,000 ரூபாய், 70,000 கிலோமீட்டர் ஓடுகிறது, அதற்குள் கேசிங் கெட்டுவிடுவதால் ரீட்ரேட் போட முடியவில்லை, பழைய டயராக 500 ரூபாய்க்குப் போகிறது. 17,500 ரூபாயை 70,000ஆல் வகுத்தால் கிலோமீட்டருக்கு 25 பைசா.

இரண்டாவது டயர் 24,000 ரூபாய், 90,000 கிலோமீட்டர் ஓடுகிறது. அப்புறம் தடவைக்கு 6,500 ரூபாய் செலவில் இரண்டு முறை ரீட்ரேட், ஒவ்வொன்றும் 60,000 கிலோமீட்டர். கடைசியில் 500 ரூபாய்க்குப் போகிறது. மொத்தச் செலவு 36,500 ரூபாய், மொத்த ஓட்டம் 2,10,000 கிலோமீட்டர். கிலோமீட்டருக்கு 17.4 பைசா.

ஒரு டயருக்கு 7.6 பைசா வித்தியாசம். 22 டயருக்கு ஒரு ரூபாய் 67 பைசா. மாதம் 10,000 கிலோமீட்டர் ஓடும் டிரெய்லருக்கு 16,700 ரூபாய். வாங்கும்போது 6,000 ரூபாய் அதிகம் கொடுத்த டயர்தான் இங்கே மலிவு.

ஆகவே கடைக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்வி: "இந்த மாடல் கேசிங்கை ரீட்ரேட்காரங்க எத்தனை தடவை எடுத்துக்கிறாங்க?" அதே கேள்வியை ரீட்ரேடிங் பட்டறையிலும் போய்க் கேளுங்கள். எந்த டயர் உள்ளே வரும்போதே தள்ளுபடி ஆகிறது, எது மூன்றாவது தடவையும் வருகிறது என்று தினமும் பார்ப்பவர்கள் அவர்கள்தான். எந்த விளம்பரத்தைவிடவும் அவர்கள் சொல்வதை நான் நம்புகிறேன். விலை மிகக் குறைவாக வரும் பெயர் தெரியாத இறக்குமதி டயருக்கும் இதே சோதனைதான்.

ஆறாம் படி: கடையில் நின்று பார்க்க வேண்டியவை

பக்கச் சுவரில் கடைசியாக நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 3224 என்றால் 2024ஆம் ஆண்டின் 32ஆம் வாரத்தில் செய்தது. குடோனில் வெயில் படும் இடத்தில் கிடந்த பழைய டயரை யாரும் உங்கள் தலையில் கட்ட விடாதீர்கள். ஐஎஸ்ஐ முத்திரை இருக்கிறதா பாருங்கள். ஜோடியாக மாட்டப்போகும் டயர்கள் ஒரே மாடலாகவும், முடிந்தவரை ஒரே காலத்தில் செய்தவையாகவும் இருக்கட்டும். பில்லில் டயரின் சீரியல் நம்பரை எழுதி வாங்குங்கள். நாளைக்குத் தயாரிப்புக் குறை என்று கிளைம் போக வேண்டியிருந்தால் அந்த நம்பர் இல்லாமல் எதுவும் நடக்காது.

நம் பக்கத்திலேயே ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், தேர்வாய்கண்டிகை என்று பெரிய டயர்த் தொழிற்சாலைகள் இருக்கின்றன. எம்ஆர்எஃப் பிறந்ததே திருவொற்றியூரில்தான். அதனால் எந்தக் கம்பெனி மாடலுக்கும் விசாரிக்க ஆள் கிடைக்காமல் போகாது, உங்கள் லைனில் ஓடுகிற மற்ற வண்டிக்காரர்களிடம் நேராகக் கேளுங்கள்.

ஏழாம் படி: மாட்டும்போது ஜோடி சேருங்கள்

பின்னால் ஜோடியாக இருக்கும் இரண்டு டயர்களும் ஒரே ஹப்பில் கட்டுப்பட்டவை. ஒன்று ஒரு சுற்று சுற்றினால் மற்றதும் ஒரு சுற்றுதான். ஒன்று புதுசு, மற்றது தேய்ந்தது என்றால் என்ன ஆகும்?

10.00 ஆர் 20 டயரின் குறுக்களவு சுமார் 1,050 மில்லிமீட்டர். ஒரு கிலோமீட்டருக்கு அது ஏறத்தாழ 300 சுற்று சுற்றும். பக்கத்து டயர் குறுக்களவில் 10 மில்லிமீட்டர் குறைவு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சுற்றுக்கு 31 மில்லிமீட்டர் வித்தியாசம். 300 சுற்றுக்கு ஒன்பது மீட்டருக்கு மேல். அந்த ஒன்பது மீட்டரும் சின்ன டயர் உருளாமல் இழுபடுகிறது. நாமக்கல்லில் இருந்து சென்னை 350 கிலோமீட்டருக்கு மேல். போய்ச் சேர்வதற்குள் அந்த டயர் மூன்று கிலோமீட்டர் தூரம் ரோட்டில் தேய்த்துக்கொண்டே போயிருக்கும். பெரிய டயரோ அதன் பங்குக்கு மேல் எடை சுமந்து சூடேறியிருக்கும். ஜோடியில் குறுக்களவு வித்தியாசம் 6 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். ஒரு டேப்பை எடுத்து இரண்டையும் சுற்றி அளந்தால் போதும், சுற்றளவில் 19 மில்லிமீட்டருக்குள் இருந்தால் சரி.

மாட்டிய பிறகு 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் நட்டுகளை மறுபடி முறுக்குங்கள். முன் சக்கரங்களுக்கு அலைன்மென்ட் பார்ப்பது எல்லோருக்கும் தெரியும். டிரெய்லருக்கும் அது உண்டு என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். டிரெய்லரை இழுக்கும் வண்டியோடு பூட்டும் கிங் பின்னிலிருந்து டிரெய்லரின் முதல் ஆக்ஸிலின் இடது முனைக்கும் வலது முனைக்கும் டேப் பிடித்து அளந்து பாருங்கள். இரண்டுக்கும் 3 மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் ஆக்ஸில் கோணலாக இருக்கிறது. டிரெய்லர் நேராகப் போவது போலத் தெரியும், 12 டயரும் லேசாகக் குறுக்கே இழுபட்டுக்கொண்டே வரும்.

எட்டாம் படி: காற்று

ஒரு கோடையில் எங்கள் டிரெய்லர் ஒன்று தொப்பூர் தாண்டி வந்துகொண்டிருந்தது. நடு ஆக்ஸிலில் வெளி டயர் வெடித்தது. டிரைவர் அண்ணன் இறங்கிப் பார்த்தால் உள் டயர் ஏற்கெனவே காற்றில்லாமல் தொங்கிக்கொண்டிருக்கிறது. எத்தனை தூரமாக அப்படி வந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. வால்வு மூடி போடாமல் விட்டதால் வால்வுக்குள் தூசி அடைத்துக் காற்று கசிந்திருக்கிறது. உள் டயரைக் கழற்றிப் பிரித்தபோது அதன் வயிற்றுக்குள் ஒரு கைப்பிடி கருப்பு மாவு கொட்டியது. பக்கச் சுவர் மடங்கி மடங்கி ரப்பர் அரைபட்ட மாவு. வெளிப்பட்டன் இன்னும் பாதிக்கு மேல் இருந்தது. மூடி ஒன்று சில ரூபாய். போனது இரண்டு கேசிங்.

அன்றிலிருந்து எங்கள் வண்டிகளில் உள் டயர்தான் முதலில். கட்டையால் தட்டிப் பார்த்து 'டங்' என்று கேட்டால் காற்று இருக்கிறது என்று விடுவது போதாது. 80 பிஎஸ்ஐ இருக்கும் டயரும் 120 இருக்கும் டயரும் தட்டினால் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் கேட்கும். நல்ல கேஜ் ஒன்று வாங்கி வண்டியிலேயே வையுங்கள். வாரம் ஒரு முறை, காலையில் வண்டி எடுப்பதற்கு முன்னால், டயர் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். 10.00 ஆர் 20 ரேடியலுக்குப் பொதுவாக 120 பிஎஸ்ஐ வாக்கில் வரும், உங்கள் லோடுக்கும் மாடலுக்கும் கம்பெனி அட்டவணை என்ன சொல்கிறதோ அதைப் பிடியுங்கள். ஓடிச் சூடான டயரில் அழுத்தம் ஏறித்தான் காட்டும். அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிடக் கூடாது. குளிர்ந்ததும் குறைவாகப் போய்விடும்.

உயிர் சம்பந்தப்பட்டது ஒன்று. சொன்ன அழுத்தத்தில் 80 சதவீதத்துக்கும் கீழே, அதாவது 120க்கு 96க்கும் கீழே இறங்கி ஓடிய ரேடியலுக்கு அப்படியே காற்றை ஏற்றக் கூடாது. உள்ளே பக்கச் சுவரின் எஃகுக் கம்பிகள் மடங்கி அறுந்திருக்கலாம். காற்று ஏற ஏறப் பக்கச் சுவர் ஜிப் திறப்பது போலக் கிழிந்து வெடிக்கும். கழற்றி உள்ளே பார்த்துவிட்டு, இரும்புப் பாதுகாப்புக் கூண்டுக்குள் வைத்துத்தான் காற்று ஏற்ற வேண்டும். பஞ்சர் கடைத் தம்பி அவசரப்பட்டாலும் நீங்கள் நிறுத்துங்கள்.

தேய்மானமே பல செய்திகளைச் சொல்லிவிடும். இரு தோள்பட்டையும் தேய்ந்திருந்தால் காற்று குறைவு அல்லது லோடு அதிகம். நடுவில் தேய்ந்திருந்தால் காற்று அதிகம். ஒரு ஓரம் மட்டும் என்றால் அலைன்மென்ட். கையால் தடவும்போது ஒரு பக்கம் வழுக்கி மறுபக்கம் ரம்பம் போலக் குத்தினால் முன் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கிறது. ஓர் இடத்தில் மட்டும் தட்டையாக இருந்தால் பிரேக் பிடித்து இழுபட்டிருக்கிறது. காரணத்தைச் சரிசெய்யாமல் புது டயர் மாட்டினால் அதுவும் அப்படியே தேயும்.

ஒன்பதாம் படி: எப்போது கழற்றுவது, எப்படி ரீட்ரேட் போடுவது

மொட்டை டயர் ஆகும் வரை ஓட்டுவது நல்ல டயரை வீணாக்கும் வழி. பட்டன் ஆழம் 4 மில்லிமீட்டர் இருக்கும்போதே கழற்றுங்கள். அதற்குக் கீழே போனால் கல் நேராக எஃகு பெல்ட்டைக் குத்தும், தண்ணீர் போகும், கேசிங் போகும். கடைசி இரண்டு மில்லிமீட்டருக்கு ஆசைப்பட்டு அடுத்த 60,000 கிலோமீட்டரை இழக்கிறோம்.

எப்போது 4 மில்லிமீட்டர் வரும் என்று முன்கூட்டியே சொல்லலாம். புதிதில் 16 மில்லிமீட்டர் என்றால் ஓட்டக் கிடைப்பது 12. 30,000 கிலோமீட்டரில் அளந்தால் 12 மில்லிமீட்டர் மிச்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 4 மில்லிமீட்டருக்கு 30,000, அதாவது மில்லிமீட்டருக்கு 7,500. 12க்கு 90,000 கிலோமீட்டர். புதுப் பட்டன் கொஞ்சம் வேகமாகவும் பிறகு மெதுவாகவும் தேயும் என்பதால் கொஞ்சம் கூடவே வரலாம். அளக்கும் கேஜ் சின்ன விலைதான், சட்டைப் பையில் அடங்கும்.

ரீட்ரேடிங்கில் இரண்டு விதம். சூட்டு முறையில் பச்சை ரப்பரை ஒட்டி அச்சுக்குள் வைத்து அதிகச் சூட்டில் வேக வைப்பார்கள். குளிர் முறையில் ஏற்கெனவே பட்டன் போட்டு வெந்த ரப்பர் பட்டையைக் கேசிங்கில் ஒட்டி, குறைந்த சூட்டில் அறைக்குள் வைத்து எடுப்பார்கள். குறைந்த சூடு என்பதால் கேசிங்குக்கு இது நல்லது, ரேடியலுக்கு நான் குளிர் முறையைத்தான் சொல்வேன். பட்டறையில் எந்த ரப்பர் பட்டை, எந்தப் பட்டன் என்று கேட்டுப் போடுங்கள், டிரெய்லருக்குப் போகும் டயர் என்றால் ரிப் பட்டனையே கேளுங்கள். விளிம்பு உடைந்தது, உள்ளே மாவு கொட்டியது, எஃகு துருப்பிடித்தது, பெல்ட் விலகி வீங்கியது ஆகியவற்றை நல்ல பட்டறை திருப்பி அனுப்பிவிடும். அனுப்பாத பட்டறைக்கு அடுத்த தடவை போகாதீர்கள்.

ரீட்ரேட் டயர் முன் ஆக்ஸிலுக்கு வேண்டாம். டிரெய்லரில் மாட்டுங்கள், அதற்கும் ஜோடி அளந்து மாட்டுங்கள். முன் ஆக்ஸிலில் புதிதாக ஓடி முடித்த கேசிங் சரியான காற்றில் ஓடியிருந்தால் ரீட்ரேடுக்கு மிக நல்லது, அதை வெளியே விற்றுவிடாதீர்கள்.

நோட்டைப் பற்றி ஆரம்பத்தில் சொன்னேன். இப்போது போனிலேயே எழுதலாம், எதில் எழுதினாலும் இவ்வளவு இருந்தால் போதும்: டயர் நம்பர், வாங்கிய விலை, மாட்டிய தேதியும் கிலோமீட்டரும், எந்த ஆக்ஸிலில் எந்தப் பக்கம் உள்ளா வெளியா, ஒவ்வொரு 10,000 கிலோமீட்டருக்கும் பட்டன் ஆழம், கழற்றிய கிலோமீட்டர், கழற்றிய காரணம், ரீட்ரேட் செலவு, கடைசியில் விற்ற தொகை. அந்தக் கடைசிக் கட்டம் நிரம்பிய நாளில் ஐந்தாம் படியின் கணக்கை உங்கள் சொந்த எண்களோடு போட்டுப் பாருங்கள். அடுத்த முறை கடைக்குப் போகும்போது அந்தப் பக்கத்தைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள்.